பதினாறு மீற்றர்

அரை மணித்தியாலம் போயிருக்கும் என்று நினைத்துப் போனைப் பார்த்தால் ஆறு நிமிஷம்தான் போயிருக்கிறது. பத்து இருபத்தாறு. பன்னிரண்டுக்கு முன்னம் எழும்பக்கூடாது என்று அப்பா சொல்லிப்போட்டார், மழை பன்னிரண்டரைக்கு என்று போன் சொல்கிறது, நடுவில் இருக்கிற அந்த அரை மணித்தியாலத்துக்குள் மானைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை எல்லாவற்றையும் கழுவிப்போடும். இப்பவே காய்ந்த இலையும் காய்ந்த இரத்தமும் ஒரே நிறம்தான். விழுந்து கிடக்கும் மேப்பிள் மரத்தில் அப்பா இருக்கிறார், பக்கத்தில் நான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வில். அம்பை அவர் தன் மடியில் வைத்திருக்கிறார். அது மானுக்குள் ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வந்து சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. இழுத்து எடுத்ததும் அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, மூக்கில் வைத்துத்தான் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். சாணி மணம். நெஞ்சில் பட்டால் அம்பு சிவப்பு நுரையோடு வரும், மான் நூறு மீற்றருக்குள் விழும், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இது பச்சையும் மண்ணிறமுமாக வழுவழுவென்று இருந்தது. “வயித்தில பட்டிட்டுது, பிள்ளை” என்றார். வயிற்றில் பட்டது உடனே சாகாது. போய் எங்கேயாவது படுக்கும். பின்னால் போய்க் கலைத்தால் எழும்பி ஓடும், அடுத்த பண்ணை, அதற்கடுத்த பண்ணை, பிறகு நரி கண்டுபிடிக்கும், நாங்கள் கண்டுபிடிக்க மாட்டோம். கலைக்காவிட்டால் படுத்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடியும். அதற்குத்தான் இருக்கிறோம். அது சாகிறதுக்கு நேரம் குடுத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறோம். “நான்தான் பிழை விட்டிட்டன்” என்று அப்பா சொன்னார், எட்டு மணிக்கு. எட்டரைக்கும் சொன்னார். “அம்பு வைக்கிற இடத்தில ஒட்டின துணி தேஞ்சு போச்சு. அம்பு உரசின சத்தத்தில மான் திரும்பியிருக்கும். என்ர காதுக்கு உது கேக்கேல்லப் பார்.” உரசவில்லை அப்பா. துணி அப்படியே இருக்கிறது. சத்தம் வில்லில் இருந்து வரவில்லை, என்னிடம் இருந்து வந்தது, என் இடது மணிக்கட்டில், காப்பு நூலில் அம்மா குத்திவிட்ட சேப்டி பின்னில் இருந்து. இப்போது அது ஜக்கெட் கைக்குள்ளே இருக்கிறது. கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து நெரித்துக்கொண்டிருக்கிறேன். விட்டால் அது தானாகவே சொல்லிவிடும் போல இருக்கிறது.

டிக். அவ்வளவுதான். விரல் நகத்தால் பல்லைத் தட்டினால் வருகிற சத்தம். காலமை ஏழரைக்கு இந்த மரத்துக்குப் பின்னால் வில்லோடு முழங்காலில் நின்றேன், அப்பா முப்பது மீற்றர் பின்னால் ஒரு பைன் மரத்தோடு மரமாக இருந்தார், அது சோளக்காட்டுப் பக்கத்தால் தனியாக வந்தது, பெட்டை மான், ஒவ்வொரு காலையும் வைக்க முன்னம் யோசித்து யோசித்து. அதன் மூக்கில் ஈரம் தெரிந்தது. ஒரு காதில் சின்னக் கிழிசல். பதினாறு மீற்றர் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது வந்து நின்ற கருங்கல் வரைக்கும் நாங்கள் முன்னமே அளந்து வைத்திருந்தோம். கிட்ட வந்தால் சுகம் என்று தெரியாத ஆட்கள் நினைப்பினம். கிட்டத்தான் கஷ்டம். நாற்பது மீற்றரில் வில்லுச் சத்தம் காட்டுச் சத்தத்தோடு போய்விடும், பதினாறில் அது மானின் காதுக்குள்ளேயே விழும். சத்தம் அம்பைவிட நாலு மடங்கு வேகம். அம்பு போய்ச் சேர முன்னம் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும், மான் பாய்கிறதுக்குக் காலை மடக்கி அப்படியே கீழே பதியும், நாங்கள் குறிவைத்த இடத்தில் அந்த நேரம் மான் இருக்காது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மனப்பாடம் ஆகவில்லை, இது ஆகியது. இழுத்தேன், நாண் கன்னத்துக்கு வந்தது, மூச்சைப் பாதியில் நிறுத்தினேன், எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. கையைக் கொஞ்சம், ஒரு விரல் அளவுதான், மேலே தூக்கினேன். ஜக்கெட் கை பின்னுக்குப் போனது, சேப்டி பின் கீழே தொங்கி வில்லின் அலுமினியத்தில் பட்டது. டிக். மான் தலையைத் தூக்கியது. இரண்டு காதும் என் பக்கம். அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தலையைத் தூக்கின மானுக்கு அம்பை விடாதே. பொறு. கை நடுங்கினாலும் பொறு, இல்லாட்டி மெல்ல இறக்கு, அது போகட்டும், நாளைக்கும் மான் வரும். நான் பொறுக்கவில்லை. எனக்குப் பொறுக்க வராது. விட்டேன். அது கீழே பதிந்து திரும்பியது, நெஞ்சு இருந்த இடத்துக்கு வயிறு வந்தது, அந்த நேரம் வந்த சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி. சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒன்றும் சத்தம் போடாது. கதிரைக் கால் நாலுக்கும் ரெனிஸ் பந்து வெட்டிப் போட்டிருக்கிறார் அப்பா. அலுமாரிக் கதவு ஒவ்வொன்றுக்கும் மூலையில் சாம்பல் நிறக் கம்பளித் துணி, காசளவுக்கு வெட்டி, ஒட்டி. மிக்ஸியின் கீழே மடித்த போர்வை. “இந்த வீட்டில மிக்ஸிக்கும் போர்வை இருக்கு, எனக்குத்தான் ஒண்டும் இல்லை” என்று அம்மா சொல்லுவா, அதையும் மெல்லத்தான் சொல்லுவா. நான் சின்ன வயதில் எல்லா வீடும் இப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் வகுப்புப் பெட்டை ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன், அங்கே கதவை டமார் என்று சாத்திப்போட்டு அவளின் தம்பி சிரித்துக்கொண்டு ஓடினான், நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. வன்னியில் எல்லாம் முடிந்தபோது எனக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, ஆனால் உன்ர காதுக்கு ஞாபகம் இருக்கு என்று அம்மா சொல்லுவா. அப்பா இங்கே வந்த புதிதில் அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற போர்த்துக்கீசர் ஒருவர் அவரைத் துவக்கு வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். ஊரில் அப்பா காட்டுக்குள் போய் வந்த ஆள், மான் தடம், பன்றித் தடம் எல்லாம் தெரியும். முதல் வெடி விழுந்ததும் அப்பா பனிக்குள் குப்புறப் படுத்தாராம், ஒரு மணித்தியாலம் எழும்பவில்லையாம். போர்த்துக்கீசர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை தன் பழைய வில்லைக் கொண்டுவந்து தந்தார். இதை எனக்குச் சொன்னது அப்பா இல்லை, குகன் மாமா, அதுவும் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கையில் கிளாசோடு. “கொப்பர் ஊரில துவக்கோட நிண்ட மனுசன், இஞ்ச வந்து ஈர்க்குக் குச்சியோட நிக்கிறார்.” எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சத்தமில்லாமல் பல்லை மட்டும் காட்டிச் சிரித்தார். எனக்கு அந்த மாமாவின் கிளாசைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது, தட்டவில்லை, தட்டினால் உடையும், உடைந்தால் சத்தம்.

பத்து நாற்பது. பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு வீட்டில் இருந்த முதல் மாதம் நான் பேஸ்மென்ற்றுக்குப் போய்ப் படியில் இருப்பேன், அப்பா வேலை முடிந்து வந்து வில்லோடு இருப்பார். அங்கே மட்டும் கதைப்பார். மேலே ஒரு நாளைக்குப் பத்துச் சொல், கீழே நூறு. “இஞ்ச வா. நாணைச் சுண்டு. என்ன கேக்குது?” டொய்ங் என்று கேட்குது. “அது நாண். அதுக்குப் பிறகு ஒண்டு கேக்குதே, அது என்ன?” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு காதை வில்லுக்குக் கிட்டக் கொண்டுபோவார், ஒரு பிள்ளையின் நெஞ்சில் வைக்கிற மாதிரி. “குறி பாக்கிற துண்டில ரெண்டாவது ஆணி. கால் சுற்று லூஸ்.” முறுக்குவார். பிறகு சுண்டினால் எனக்கே வித்தியாசம் கேட்கும். நாணில் இரண்டு இடத்தில் ரப்பர் குஞ்சம் கட்டினோம், அது அதிர்வைக் குடித்துவிடும். அம்பு தொடுகிற இடமெல்லாம் அதே சாம்பல் துணி. பாரமான அம்பு வாங்கினோம், பாரம் கூடினால் வில்லுக்குள் மிஞ்சுகிற சத்தம் குறையும். அம்புக்கூட்டை வில்லில் இருந்து கழற்றி நிலத்தில் வைக்கப் பழகினோம். என் ஜக்கெட்டின் சிப்பில் இருந்த தகரத்தைக் குறட்டால் வெட்டி எடுத்து நூல் கட்டினார். வெல்க்ரோவைப் பிய்த்துப் பொத்தான் தைத்தார், தானே தைத்தார், அம்மாவைவிட வடிவாக. “சில்லறை, திறப்பு எல்லாம் காரில வை. தலைமயிர்க் கிளிப் ஒண்டும் வேண்டாம்.” இத்தனையும் செய்தோம். இரண்டரை மாதம். எட்டே முக்காலுக்கு, அம்பைத் துடைத்துக்கொண்டு, அப்பா சொன்னார்: “இதை வித்துப்போடுவம், வேணுஜா. காது போனவனுக்கு இது சரிவராது.” என் பேரைச் சொன்னார். பிள்ளை என்று சொல்லவில்லை. அவர் வில்லை விற்றால் பேஸ்மென்ற்றில் வில் இல்லை, வில் இல்லாவிட்டால் நூறு சொல் இல்லை, மேலே இருக்கிற பத்தும் எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று தெரியாது. நான் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். உங்கட காதில பிழையில்லை அப்பா, என்ர கையில இருந்த சேப்டி பின்தான். பன்னிரண்டு சொல்லும் இல்லை. வாயைத் திறக்கிறேன். தேத்தண்ணி குடிக்கிறேன்.

சொன்னால் அது அம்மாவுக்குப் போகும். அப்பா போய்ச் சண்டை பிடிக்க மாட்டார், அதுதான் பிரச்சினை, அவர் அந்தப் பின்னைக் கொண்டுபோய் மேசையில் வைத்துப்போட்டுக் கீழே போவார். அம்மா பார்த்துக்கொண்டு நிற்பா. இருபத்தொரு நாள் கௌரிக் காப்பு விரதம் பிடித்தவ, ஒரு நேரச் சாப்பாடு, அதோடு முதியோர் இல்லத்தில் நின்றபடி வேலை. எல்லாம் நான் திரும்பிப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று. தீபாவளி அன்று கோயிலில் ஐயர் இடது கையில் நூலைக் கட்டினார், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா, தடுப்பூசி போடக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி. “வாற வருசக் காப்புக்கு முன்னம் நீ போவாய் பார். அதுவரைக்கும் இதை அவிழ்க்காதை.” நான் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று எல்லாருக்கும் ஒரு காரணம் வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்து எல்லா ரிப்போட்டிலும் ஒரே வசனம்: அமைதியான பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்துக்கு முன்னுக்கு நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எழுதி வைத்திருந்தேன், பாடமாக்கியும் இருந்தேன். போய் நின்றேன், வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பயம் இல்லை, உண்மையாகவே பயம் இல்லை. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷமும் நின்றேன், நேரம் முடிந்ததும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன், பிறகு போகவில்லை. அவ்வளவுதான் காரணம். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்கிறது? அவ நினைக்கிறா யாரோ பெடியன் என்று, இல்லாவிட்டால் கண்ணூறு என்று. காலமை வெளிக்கிடும்போது குசினி லைற்றில் என் கையைப் பார்த்தா. நூல் தளர்ந்து கழலப் பார்த்தது, ஏனென்றால் முதல் நாள் நான்தான் அதை இழுத்து இழுத்துப் பார்த்தேன். “கொண்டா கையை. எங்கையாவது விழுத்திப்போட்டு வந்து நிப்பாய்.” தன் தாலிக்கொடியில் எப்பவும் தொங்குகிற பின்களில் ஒன்றைக் கழற்றி, நூலை இறுக்கி மடித்துக் குத்தினா. “அப்பாதானே சுடுறார்? நீ பாத்துக்கொண்டு மட்டும் நில். காப்புக் கையால உயிரை எடுக்கக்கூடாது.” ஓம் அம்மா என்றேன். இதுவரைக்கும் நான் பொய் சொல்லாத நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பிறகு காரில் ஏறிச் சில்லறையை வைத்தேன், திறப்பை வைத்தேன், கிளிப்பைக் கழற்றினேன், மணிக்கட்டைப் பார்க்கவில்லை. சாமி நூலைச் சாமானோடு சேர்த்து எண்ண எனக்கு வரவில்லை. யாருக்கும் வராது.

பதினொன்று ஐந்து. அது இப்போது எங்கே படுத்திருக்கும்? வயிற்றில் பட்டால் தண்ணி தேடும் என்று அப்பா சொன்னார், அப்படியென்றால் கீழே, ஓடைப் பக்கம், சீடர்ப் பற்றைக்குள். தலையை நிலத்தில் வைத்திருக்குமா, தூக்கி வைத்திருக்குமா? நோகும்போது மான் கத்துமா? அப்பாவிடம் கேட்டேன். “கத்தாது” என்றார். “கத்தினா மற்றதுகளுக்குத் தெரிஞ்சிடும்.” பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்தோம், அல்லது நான் மட்டும் யோசித்தேன். மூன்றரை மணித்தியாலம் வயிற்றில் ஓட்டையோடு சத்தம் போடாமல் படுத்திருக்கிறது. எங்களுக்காக இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வளர்ந்த மாதிரி. நான் சொல்லப்போகிறேன், இப்போது சொல்லப்போகிறேன், அந்த அணில் மரத்தில் ஏறி முடியட்டும், சொல்லுவேன். அணில் ஏறி முடிந்தது. என் மூக்கில் ஒரு துளி விழுந்தது. மரத்தில் இருந்து என்று நினைத்தேன். இரண்டாவது துளி வில்லில் விழுந்தது, அப்பா அதைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். போன் பன்னிரண்டரை என்றுதான் இன்னும் சொல்கிறது, போனுக்கு என்ன. “எழும்பு” என்றார். “நேரம் காணாது. ஆனா எழும்பு.”

இலைக்கு இலை குனிந்து போகிறோம். அப்பா முன்னால், ஒவ்வொரு துளியிலும் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்துக்கொண்டு போகிறார், நான் பின்னால் வந்து அடுத்தது காணும் வரைக்கும் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மழை இன்னும் மழையாகவில்லை, தூறல்தான், ஆனால் இலைகள் எல்லாம் மினுங்கத் தொடங்கிவிட்டன, எல்லாத் துளியும் இரத்தம் மாதிரி இருக்கிறது. கருங்கல், பிறகு வேலிக்கம்பி, கம்பியில் மண்ணிற மயிர். பிறகு நாற்பது அடிக்கு ஒன்றுமில்லை. நான் பின்னுக்குப் பார்த்தேன், முதலில் வைத்த கடதாசிகள் கரைந்து நிலத்தோடு ஒட்டிவிட்டன. அப்பா முழங்காலில் இருந்து ஒரு இலையைத் தூக்கி விரலால் தேய்த்தார், விரல் சிவந்தது, ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். சீடர்ப் பற்றைக்கு முன்னால் அவர் நின்றார். தோளில் தட்டுப்பட்டு நானும் நின்றேன். அது படுத்திருக்கிறது. தலை நிமிர்ந்து இருக்கிறது. கிழிந்த காது. எங்களைப் பார்க்கிறது, கன நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி. நான் அளக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், பதினாறு, அல்லது அதற்குக் கிட்ட. “நீ விடு” என்று அப்பா மூச்சாலே சொன்னார். அம்பைக் கொளுவினேன். இழுத்தேன். சாம்பல் துணியில் அம்பு ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கி வந்தது, அப்பா ஒட்டியது அவ்வளவு வடிவு. இந்தத் தரம் சேப்டி பின் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஜக்கெட் கையை இழுத்துவிட்டிருக்கலாம், பல்லால் கடித்து உள்ளே தள்ளியிருக்கலாம், நான் செய்யவில்லை. அது எழும்பட்டும் என்று நினைத்தேனோ? பாய்ந்து ஓடட்டும், ஆறு பண்ணை தாண்டி ஓடட்டும் என்று? கையை ஒரு விரல் அளவு தூக்கினேன். டிக். கிழிந்த காது மட்டும் என் பக்கம் திரும்பியது. கால் மடங்கவில்லை. உடம்பு பதியவில்லை. அது கேட்டது, கேட்டுப்போட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. விட்டேன். குறிவைத்த இடத்திலேயே போனது.

அப்பா மானிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் இடது கையைப் பிடித்து, ஜக்கெட் கையை மேலே தள்ளி, மஞ்சள் நூலையும் அதில் தொங்குகிற பின்னையும் பார்த்தார். “இதே?” என்றார். தலையாட்டினேன். “காலமையும்?” தலையாட்டினேன். இப்போது கத்துவார் என்று நின்றேன், கத்தினால் நல்லது, என் பதினெட்டு வயதில் ஒரு தரம் இந்த மனுசன் கத்தட்டும், இந்தக் காட்டில் கேட்கிறதுக்கு ஒருவரும் இல்லை. அவர் பொக்கற்றுக்குள் கையை விட்டு, மிச்சம் இருந்த சாம்பல் துணியை எடுத்தார். சின்னக் கத்தியால் ஒரு கீலம் வெட்டினார். நூலை அவிழ்க்கவில்லை, பின்னைக் கழற்றவில்லை. மழை நனைக்காமல் தன் தொப்பியால் மறைத்துக்கொண்டு பின்னைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினார், நகத்தால் அமத்தினார். “ஆட்டிப் பார்” என்றார். ஆட்டினேன். “இன்னொருக்கா, வில்லில படுற மாதிரி.” வில்லில் படுகிற மாதிரி ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதை என் மணிக்கட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இலையிலெல்லாம் மழை விழுந்துகொண்டிருக்கிறது, அவருக்குப் பின்னால் மானின் பின்கால் ஒன்று இன்னும் மெல்ல மெல்ல உதைந்துகொண்டிருக்கிறது, நான் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் இருந்து ஏதோ ஒன்று ஏறித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, இது சத்தத்தோடு வரப்போகிறது என்று எனக்குத் தெரிகிறது, வாயைத் திறக்கிறேன். அப்பா கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்குகிறார். பொறு, கேட்கவிடு.